ஓர் அடுப்பு, பல கணக்குகள்



சில மாதங்களுக்கு முன், ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின், இருவர் பள்ளிவாசல் திண்ணையில் எனக்காகக் காத்திருந்தனர். ஒருவர் பலசரக்குக் கடை உரிமையாளர் ஒருவரின் ஒரே மகன். மற்றவர் அம்மகனின் தங்கை கணவர். கடையை நிறுவிய வாப்பா மறைந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. மகன் பதினாறாம் வயதில் கல்லாவில் அமர்ந்தவர். இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே உழைத்தவர். சம்பளம் என்று ஒரு ரூபாயும் பெற்றதில்லை. "ஒரே வீடு, ஒரே உலை, எனக்கு எதற்குச் சம்பளம் என்றிருந்தேன், ஹஜ்ரத். இப்போது தங்கச்சி பங்கு கேட்கிறாள். அவள் ஒரு மூட்டையாவது தூக்கியிருப்பாளா?" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. அவர் பேராசைக்காரர் அல்லர் என்பதை நான் நன்கறிவேன்.

அவருக்கு நான் கூறிய விடையைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. குடும்பம் என்பது ஒன்றா, பலவா?

நம் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு எளிய விடை வைத்திருக்கிறது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான ஒரு சமையலறையில் உண்பவர்கள் ஒரு குடும்பம். உறவு முறை கூட அதற்குக் கட்டாயமில்லை. அடுப்பு ஒன்றானால் போதும். பொருளாதார அறிஞர்களும் நெடுங்காலம் குடும்பத்தை ஒற்றை மனிதரைப் போலவே பாவித்து வந்தனர். குடும்பம் பற்றி 1981இல் பெருநூல் எழுதிய கேரி பெக்கர், பிறர் நலனில் அக்கறை கொண்ட தலைவர் ஒருவர் இருந்தால் வீடு முழுவதும் ஒருமித்து இயங்கும் என்று வாதிட்டார். அமர்த்தியா சென் 1990இல் எழுதிய கட்டுரையில், வீட்டுக்குள் ஒத்துழைப்போடு முரண்பாடும் குடியிருக்கிறது என்று சுட்டினார். வாரிசுரிமை வழக்குகளைக் கேட்டுப் பழகிய எந்த ஆலிமுக்கும் இது புதுச் செய்தியன்று.

வருமான வரிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பத்தைத் தனியொரு நபரைப் போல ஏற்று, அதற்குத் தனிக் கணக்கு வைக்க இடமளிக்கிறது. அவர்களுடைய பரம்பரைச் சட்டத்தில் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை உண்டு. ஆகவே அது அங்கே பொருந்துகிறது. நம் ஷரீஅத்தில் அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. தந்தை உயிரோடிருக்கும் வரை அவருடைய பொருள் அவருடையதே. அதில் மகனுக்குப் பிறப்பால் ஒரு காசும் உரிமையில்லை. தந்தையின் உயிர் பிரிந்த கணத்தில், கடன்களும் மரண சாசனமும் போக, அது வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிறது. ஆயினும் நம் வணிகக் குடும்பங்கள் பெரும்பாலும் கூட்டுக் குடும்ப முறையில் நடந்துவிட்டு, இறப்புக்குப் பின் ஷரீஅத்தைத் தேடி வருகின்றன. சிக்கல் பிறக்கும் இடம் இதுவே.

நம் மார்க்கம் அடுப்பைப் பிரிக்கச் சொல்லவில்லை. கணக்கைக் கலக்காதே என்கிறது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஜைனப் (ரலி) அவர்களிடம் சொந்தப் பொருள் இருந்தது, கணவரோ வறியவர். தம் பொருளிலிருந்து கணவருக்குத் தருமம் கொடுத்தால் அது நிறைவேறுமா என்று பிலால் (ரலி) அவர்கள் வழியாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டனுப்பினார். நிறைவேறும், உறவைப் பேணிய நன்மையும் தருமத்தின் நன்மையுமாக இரண்டு நன்மைகள் உண்டு என்று விடை வந்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. (அத்தருமம் ஜக்காத்தா, ஸதகாவா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அவ்விவாதம் இங்கு வேண்டாம்.) சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் வாழும் கணவருக்குக் கொடுப்பதே தருமமாகிறது என்றால், மனைவியின் பொருள் எவ்வளவு தூரம் தனியானது!

இதே வெளிச்சத்தில் நம் வீட்டு அலமாரிகளைப் பார்ப்போம். மருமகளின் நகை, மைத்துனரின் விசாவுக்காக அடகுக் கடைக்குச் செல்கிறது. "நம் வீட்டு நகைதானே" என்கிறார் மாமியார். அது அந்த வீட்டு நகையன்று. அந்தப் பெண்ணின் நகை. அவள் மனமுவந்து கொடுத்தால் அன்பளிப்பு. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினால் கடன். கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது; மனைவியிடம் வாங்கிய கடனுக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை.

உழைப்புக்கும் ஒரு சொல் கூற வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் அந்த 299 நிமிடங்கள் சேருவதில்லை. சமைப்பதும் துவைப்பதும் மனைவி மீதான சட்டக் கடமைகள் என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கூறவில்லை என்பதைச் சொன்னால் நம்மவர் பலர் வியப்படைகின்றனர். அவள் செய்வது அவளுடைய பெருந்தன்மை. "அவள் ஒரு மூட்டையாவது தூக்கியிருப்பாளா" என்று கேட்ட மகனிடம், அந்தக் கடைக்குப் பதினெட்டு வயது வரை பகல் உணவு கட்டிக் கொடுத்தவர் யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் தலை குனிந்தார்.

இனி அவருக்குக் கூறிய விடை. கூலி பேசாமல் ஒருவர் துணியைத் தையற்காரரிடம் கொடுக்க, அவரும் பேசாமல் தைத்துக் கொடுத்தால் அவருக்குக் கூலி இல்லை என்று இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜ் கூறுகிறது. தந்தையின் பராமரிப்பில் இருந்துகொண்டு அவருடைய தொழிலில் உழைக்கும் மகன் அவருக்கு உதவியாளரே, சம்பாத்தியம் தந்தையினுடையது என்று ஹனபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் அவர்கள் எழுதியுள்ளார்கள். ஆகவே கடை முழுவதும் வாப்பாவின் சொத்து. உம்மா உயிரோடிருப்பதால் அதை 24 பங்குகளாக்கி, உம்மாவுக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. "திருமணத்தின்போது அவளுக்கு வீடு கொடுத்தோமே" என்ற வாதமும் எழுந்தது. காயல்பட்டினத்திலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கமே. வாழும் நாளில் கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுரிமையை அழிக்காது. விளைநிலமாயின் சட்டம் வேறு என்று சிலர் இன்றும் சொல்கின்றனர். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மை. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கிவிட்டது.

இந்த விடை அந்த மகனுக்குக் கசந்தது. எனக்கும் மனம் கனத்தது. இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு வீணென்று நான் சொல்லவில்லை. அதற்குரிய நியாயத்தை அவருடைய வாப்பா உயிரோடிருந்தபோதே செய்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் பேசியிருக்கலாம். இலாபத்தில் பாதி என்று கூட்டு எழுதியிருக்கலாம். மகன் அதைக் கேட்க வெட்கப்பட்டார். தந்தைக்கோ அது தோன்றவேயில்லை. வாசகர்களே, உங்கள் கடையில் உங்கள் மகன் நின்றுகொண்டிருந்தால், அவர் அங்கே எந்த முறையில் நிற்கிறார் என்பதை இந்த வாரமே இரண்டு சாட்சிகளோடு ஒரு தாளில் எழுதுங்கள்.

தங்கையை வற்புறுத்தி விட்டுக்கொடுக்கச் சொல்ல வேண்டாம் என்று நான் கண்டிப்பாகக் கூறியிருந்தேன். வெட்கத்தால் வாயடைத்த பெண்ணின் மௌனம் சம்மதமாகாது. அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. பங்கைப் பிரித்து எடுத்துச் செல்லவும் இல்லை. தம் ஏழு பங்கையும் கடையிலேயே வைத்துக் கூட்டாளியாக இருக்க இசைந்தார். நடத்தும் அண்ணனுக்கு முதலில் மாதச் சம்பளம், மிஞ்சும் இலாபம் பங்குப்படி என்று உம்மாவின் முன்னிலையில் எழுதிக்கொண்டனர். கடைக்குப் புதிய பேரேடு வாங்கப்பட்டது. அதில் முதல் வரி, பள்ளிக்கூடம் விட்டபின் மாலையில் கல்லாவில் உட்காரும் அண்ணன் மகனின் பெயரில் எழுதப்பட்ட வாரக் கூலி.