எதற்குத் தகுதி?

2020 மார்ச் 6 அன்று, நவி மும்பையின் நெருளில் நடந்த டி.ஒய். பாட்டீல் டி20 கோப்பை அரையிறுதியில் ஹர்திக் பாண்டியா 55 பந்துகளில் 158 ரன்கள் குவித்து ஆட்டமிழக்காமல் நின்றார். சிக்சர்கள் மட்டும் 20. முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. மூன்று நாள்களுக்கு முன்புதான் அதே தொடரில் 39 பந்துகளில் 105 ரன்கள் அடித்து, 5 விக்கெட்டுகளையும் வீழ்த்தியிருந்தார். உடற்தகுதிக்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஆயினும் அவ்வாண்டு ஐபிஎல்லில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை, 2021இலும் வீசவில்லை.

‘உடற்தகுதி’ என்னும் சொல் இரு வேறு நிலைகளை ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது. மட்டைவீச்சின் வலிமை பெரிதும் தசை சார்ந்தது. பயிற்சிக்கு விரைந்து இணங்குவது. வேகப்பந்து வீச்சிலோ, முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில் கீழ்முதுகு பின்வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. ஓவருக்கு ஆறு முறை! எலும்பு அச்சுமைக்குப் பழகத் தசையைவிட நெடுங்காலம் பிடிக்கும். எனவே ‘தகுதி பெற்றாரா’ என்பது அரைக் கேள்வி. ‘எதற்கு, எத்தனை ஓவருக்கு’ என்று கேட்பதே முறை. நீச்சலும் உடற்பயிற்சியும் தடையின்றிச் செய்யும் கல்லூரி வீச்சாளர், மறுவாரமே பத்து ஓவர் வீசத் துணிவதும் இந்த அரைக் கேள்வியால்தான்.

பாண்டியா 2022 ஐபிஎல் இறுதிப் போட்டியில் நான்கு ஓவர்களையும் வீசி, 17 ரன்களுக்கு 3 விக்கெட்டுகளைச் சாய்த்தார். நெருளுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.