காதுக்கு எட்டாத புகை

2022 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் சைலன்ஸ்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் ஒரு சோதனை நடத்தியது. மாற்றியமைக்கப்பட்ட சைலன்சர்களைப் பிடிப்பது அதன் நோக்கம். பெயர் உணர்த்துவதைப் போலவே அது காதை நம்பிய சோதனை. இரைச்சலிடும் வண்டி நிறுத்தப்படும். இரைச்சலிடாத வண்டி கடந்துபோய்விடும். கழக்கூட்டத்திலிருந்து கோவளம் நோக்கிச் செல்லும் புறவழிச்சாலையை ஒட்டி வாழ்பவர்களுக்கு அத்தகைய நடவடிக்கை தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு காரின் எக்ஸாஸ்ட் அமைப்பில் செய்யப்படும் மாற்றங்களுள் மிகத் தீங்கானது பெரும்பாலும் காதுக்குக் கேட்பதே இல்லை. அது வண்டியின் பின்புறத்தில் இல்லை. பானட்டுக்கு அடியில், எஞ்சினை ஒட்டி இருக்கிறது. அதற்கு ஹெடர் என்று பெயர்.

கழக்கூட்டத்தில் இப்பேச்சு எழுவதற்குக் காரணம் உண்டு. 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க், மாதச் சம்பளமும் இயந்திரங்கள்மீது ஆர்வமும் உடைய இளைஞர் கூட்டத்தை இவ்வூரில் குவித்தது. 2022 நவம்பரில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட சுமார் 2.7 கிலோமீட்டர் மேம்பாலச் சாலை, சிக்னல் இல்லாத நேர்வழியை அவர்களுக்குத் தந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லை இங்கே சற்றுத் தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும். அசல் ஸ்போர்ட்ஸ் கார்கள் மிகச் சில. மற்றவை பழைய ஹோண்டா சிட்டி, ஸ்விஃப்ட், போலோ போன்றவை. அவற்றை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் பொருள்களுள் ஒன்று ஹெடர்.

ஹெடரின் அறிவியல் அழகானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பில், குறுகிய வளைவுகளோடு, செலவும் இடமும் கருதி வடிவமைக்கப்படுகிறது. ஹெடரிலோ ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய், இயன்றவரை ஒரே நீளத்தில் அமைகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் ஓர் அழுத்த அலை குழாய் வழியே விநாடிக்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. குழாய்கள் ஒன்றுகூடும் இடத்தை அது அடைந்ததும், தாழ்ந்த அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் எஞ்சிய புகையை உறிஞ்சி எடுத்துப் புதுக் கலவைக்கு இடம் தரும். எந்தச் சுழற்சி வேகத்தில் அது சரியாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. நீண்ட குழாய் நடுத்தர வேகத்துக்கு உதவும். குறுகிய குழாய் உச்ச வேகத்துக்கு உதவும். நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் சேரும் அமைப்பு உச்சத்தில் வலிமை தரும். நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் அமைப்பு நடுத்தர வேகங்களில் முறுக்குவிசையைப் பரவலாகத் தரும்.

ஆகவே தேர்வு என்பது உண்மையில் ஒரே கேள்விதான்: அந்த எஞ்சின் நாளின் பெரும்பகுதி எந்தச் சுழற்சியில் ஓடுகிறது? கழக்கூட்டம் சந்திப்பிலிருந்து அலுவலக வாயில்வரை ஊர்ந்து செல்லும் கார் நாலாயிரத்தைத் தொடுவது அரிது. ஆறாயிரத்துக்கு மேல் பலன் தரும் ஹெடரை அதில் பொருத்துவது, குளத்தில் ஓட்டக் கடற்படகு வாங்குவதை ஒத்தது. சாலையில் ஓடும் காருக்கு ஹெடர் பொருத்தியே தீர வேண்டும் என்றால் இரண்டாவது அமைப்பே அறிவுடைய தேர்வு. வாங்குவோர் பலர் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தில் அதுவே பார்க்க நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஹெடரால் உண்மையான பயன் கண்ட கார்கள் இருக்கின்றன. 2012இல் வெளிவந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டிலும் 3500 முதல் 4500 சுழற்சி வரையில் முறுக்குவிசை குழிவிழுந்ததுபோல் இறங்கும். ஹெடர் மாற்றினால் அக்குழி ஓரளவு நிரம்பும் என்பது அக்கார்களின் உரிமையாளர்கள் நன்கறிந்த செய்தி. அடுத்த தலைமுறையில் எஞ்சினின் கொள்ளளவை 2.4 லிட்டராக உயர்த்தி உற்பத்தியாளர்களே அந்தக் குறையைப் பெரிதும் போக்கினார்கள். ஒரு குறிப்பிட்ட எஞ்சினின் குறிப்பிட்ட குறைக்கு மருந்தாக அமைந்த பொருளை எல்லா எஞ்சினுக்கும் சத்து மாத்திரையாக விற்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இங்கே கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் இடம் பற்றிச் சற்று விரிவாகப் பேசியாக வேண்டும். இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அந்நாள்களில் கன்வெர்ட்டர் பல கார்களில் எஞ்சினிலிருந்து விலகி, வண்டியின் அடிப்பகுதியில் இருந்தது. ஆனால் அதன் வினையூக்கிகள் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் வேலை செய்யும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் ஒன்றிரண்டு நிமிடங்களிலேயே அந்தப் பயணத்தின் நச்சுப்புகையில் பெரும்பங்கு வெளியேறிவிடுகிறது. அதனால் உமிழ்வு விதிகள் கடுமையாகக் கடுமையாகக் கன்வெர்ட்டர் எஞ்சினை நோக்கி நகர்ந்தது. பிஎஸ்6 காலத்துக் கார்கள் பலவற்றில் அது மேனிஃபோல்டோடு ஒரே உறுப்பாகவே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய காரில் மேனிஃபோல்டைக் கழற்றி வெற்றுக் குழாய்களாலான ஹெடரைப் பொருத்தினால், முதன்மைக் கன்வெர்ட்டரும் சேர்ந்து கழன்றுவிடுகிறது. 'ஹெடர் மாற்றினேன்' என்ற சொற்றொடருக்குள் 'கன்வெர்ட்டரை அகற்றினேன்' என்பது ஓசையின்றி ஒளிந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றும் வடிகட்டப்படாமல் வெளிவருகின்றன. பின்புறச் சைலன்சர் அசலாகவே இருந்தால் வண்டி பெரிய இரைச்சல் எதுவும் இடாது. சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரிக்கு அது ஒழுங்கான கார். அதன் பின்னால் ஸ்கூட்டரில் வருபவருக்கு அப்படியன்று.

பொருத்தும் வேலையும் எளிதன்று. கழக்கூட்டம் கடலுக்கு அருகில் உள்ள ஊர். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஸ்டட்கள் கழற்றும்போது முறிந்து சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடுவதுண்டு. சாதாரண இரும்புக் குழாய் இக்காற்றில் நெடுநாள் தாங்காது. 304 ரகத் துருப்பிடிக்கா எஃகு துருவைத் தாங்கும். ஆனால் சூட்டில் அதிகமாக விரியும். நெளிந்துகொடுக்கும் இணைப்பு இல்லாவிட்டால் பற்றவைப்பில் வெடிப்பு விழும். பழைய கேஸ்கெட்டை மீண்டும் போடக்கூடாது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக இறுக்க வேண்டும். எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறிய பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். இவற்றில் தவறு நேர்ந்து ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு ஏற்பட்டால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டது என்று ஈசியூ தவறாக எண்ணிக் கூடுதல் பெட்ரோல் செலுத்தும். வலிமைக்காகச் செய்த செலவு பெட்ரோல் செலவாகத் திரும்பி வரும்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார், கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது. கன்வெர்ட்டர் போனதும் அது எச்சரிக்கை விளக்கை ஏற்றும். அதை ஏமாற்றச் சென்சாரைக் குழாயிலிருந்து சற்று விலக்கி வைக்கும் ஒரு துண்டும் விற்பனையில் உண்டு. ஈசியூவில் அந்த எச்சரிக்கையையே அழித்துவிடும் மென்பொருளும் உண்டு. மென்பொருளால் வாழும் ஊரில் இரண்டாவது வழி எளிதாகக் கிடைப்பதில் வியப்பில்லை. இதற்குப் பின் எஞ்சியிருப்பது புகைப் பரிசோதனைச் சான்று ஒன்றே. பெட்ரோல் காருக்கு அப்பரிசோதனை வண்டி நின்றபடி ஓடும்போது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மாநில விதிகளின்படி வாகன அமைப்பில் மாற்றங்களுக்கு இடமுண்டு என்று கேரள உயர்நீதிமன்றம் கொண்டிருந்த கருத்தை, 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்பது தீர்ப்பு. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. கடுமை போதும். ஆனால் அதே 52ஆம் பிரிவு, சிஎன்ஜி போன்ற மாற்று எரிபொருள் கிட்களுக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. கிட் தயாரிப்பவர் அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் அதைச் சோதித்து ஒப்புதல் பெறலாம். பொருத்தியபின் பதிவுச் சான்றில் குறிக்கலாம். கன்வெர்ட்டரோடு கூடிய, உமிழ்வு வரம்பை மீறாத ஹெடரைத் தயாரிப்பவர் அதே வழியில் சென்று ஒப்புதல் பெற ஏற்ற வாயில் இல்லை. விளைவு, நல்ல ஹெடரும் கெட்ட ஹெடரும் சட்டத்தின் முன் ஒன்றாகிவிட்டன. இரண்டும் ஒரே அளவு குற்றம் என்றால், வாங்குபவர் மலிவானதைத்தான் வாங்குவார். கன்வெர்ட்டர் இல்லாததே மலிவு.

கலிஃபோர்னியா இதில் வேறு பாதையில் சென்றது. அங்குள்ள காற்றுவள வாரியம், உமிழ்வைக் கூட்டாது என்று சோதனையில் நிறுவப்பட்ட உதிரிபாகத்துக்கு ஓர் ஆணை எண் தருகிறது. எண் உள்ள ஹெடர் சட்டப்படியானது. எண் இல்லாதது சாலைக்கு ஆகாது. 2021 ஜூலை முதல் புகைப் பரிசோதனையில் ஈசியூவின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இந்தியாவில் புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் ஆகியவை இருக்கின்றன. சோதிக்கும் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. சிறு தயாரிப்பாளர்களால் சோதனைச் செலவைத் தாங்க முடியாது என்ற மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சிஎன்ஜி கிட்டுக்கு அது தடையாகவில்லை.

'கரும்புகை கக்கும் பழைய லாரிகளை விட்டுவிட்டு எங்களைப் பிடிப்பதா' என்பது கார் ஆர்வலர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்வி. லாரியைப் பிடிக்கத் தவறியது நிர்வாகத்தின் குறை. ஹெடர் பொருத்தியவர் தன் காரில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த ஒரு கருவியைப் பணம் கொடுத்துக் கழற்றியவர். இரண்டும் ஒன்றல்ல.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. போலோவில் 2020 முதல் வந்த 1.0 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினில் மேனிஃபோல்டு தனி உறுப்பாகவே இல்லை. சிலிண்டர் ஹெட்டுக்குள் வார்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஹெடர் பொருத்த இயலாது. ஆர்வலர்கள் டர்போவுக்குப் பின்னாலிருக்கும் டவுன்பைப்பை மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். கன்வெர்ட்டர் இப்போது அங்கே இருக்கிறது. உறுப்பின் பெயர் மாறியது. கழற்றப்படும் பொருள் மாறவில்லை.

பொறியியல் மாணவர்களுக்கு இது அயலான செய்தியன்று. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாடெங்கும் உள்ள கல்லூரிக் குழுக்கள் தம் கைகளாலேயே ஹெடர் வளைத்துப் பற்றவைக்கின்றன. குழாய் நீளத்தைக் கணக்கிட்டு, சோதித்து, முடிவுகளை நடுவர்கள்முன் வைக்கிறார்கள். 1939இல் தொடங்கப்பட்டு, இப்போது கழக்கூட்டத்துக்கு அருகே குளத்தூரில் இயங்கிவரும் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்கள், கடைகளில் விற்கும் ஹெடர்களை நம் சாலைகளில் ஓடும் கார்களில் பொருத்தி, முன்னும் பின்னும் அளந்து வெளியிட்டால், விற்பவரின் விளம்பரத்துக்கும் அதிகாரியின் காதுக்கும் நடுவே ஒரு மூன்றாவது சான்று கிடைக்கும். ஃபார்முலா எஸ்ஏஇ விதிகளில் ஓடுதளத்துக்குள் நுழையும் முன்பே கார் ஒலிமானியின் முன் நிறுத்தப்படுகிறது. 110 டெசிபலைத் தாண்டினால் கார் கூடாரத்துக்குத் திரும்ப வேண்டும். மாணவர்கள் சைலன்சரைக் கழற்றி, உள்ளே பஞ்சைத் திணித்து, மீண்டும் வரிசையில் வந்து நிற்கிறார்கள்.