பொறி பிறக்கும் விதம்

மோட்டார் வண்டி பெட்ரோலினால் ஓடுகிறது என்று சொல்லுகிறோம். அது முழு உண்மையன்று. பெட்ரோல் ஆவியும் காற்றும் ஸிலிண்டருக்குள் எவ்வளவு நிறைந்திருந்தாலும், உரிய க்ஷணத்தில் ஒரு பொறி விழாவிட்டால் வண்டி அசையாது. நான்கு ஸிலிண்டர் யந்திரமொன்று நிமிஷத்துக்கு 3,000 முறை சுழலும்போது விநாடிக்கு 100 பொறிகள் வேண்டும்!

பாட்டரியின் 12 வோல்ட்டுக்கு அத்தகைய பொறியை எழுப்பும் வல்லமை இல்லை. ஆகவே காயில் என்னும் கம்பிச் சுருளில் மின்சாரத்தைச் செலுத்தித் திடீரென்று அறுக்கிறார்கள். அறுபடும் க்ஷணத்தில், கூடவே ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றப்பட்ட மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தம் கிளம்பும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கையொன்று அதை ஸிலிண்டர்களுக்கு முறைப்படி பங்கிடுகிறது.

அறுப்பதில்தான் சங்கடம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கராகிய சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறையில், பாயிண்ட் எனப்படும் இரண்டு சிறு உலோக முனைகள் ஓயாமல் கூடிப் பிரியும். பிரியுந்தோறும் அவை சிறிது தீய்கின்றன, இடைவெளி மாறுகிறது, பொறி வேளை தவறுகிறது.

1947-இல் தோன்றிய டிரான்ஸிஸ்டர் இதற்குப் பரிகாரமாயிற்று. 1973-க்குள் கிரைஸ்லர் கம்பெனி அமெரிக்காவில் தன் கார்கள் அனைத்திலும் இம்முறையைக் கையாண்டது. பல் வைத்த சக்கரமொன்று, காந்தமும் சுருளும் சேர்ந்த ஒரு சிறு கருவியின் அருகே சுழலும். பல் கடக்கும்போதெல்லாம் சுருளில் நுண்ணிய மின்துடிப்பு எழ, அதைக் கண்டு டிரான்ஸிஸ்டர் காயிலின் மின்சாரத்தை அறுத்துவிடும். ஒன்றையொன்று தொடுவதில்லை, ஆகவே தேய்வதும் இல்லை. சுழலும் கையும் அதன் மூடியும் மட்டும் பழையபடியே இருந்து, பழையபடியே தேய்ந்தன.

நஷ்டமும் இல்லாமற்போகவில்லை. பாயிண்ட் கெட்டால் டிரைவர் பாதையோரத்திலேயே உப்புக் காகிதத்தால் தேய்த்து வண்டியைக் கிளப்பிவிடுவார். டிரான்ஸிஸ்டர் பெட்டியில் தேய்க்க என்ன இருக்கிறது? முன்னறிவிப்பின்றி அது ஓய்ந்துவிடும். ஆயினும் பழைய முறைக்குத் திரும்பச் சொல்ல நமக்கு மனம் வராது.

இப்பொழுது வரும் கார்களில் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஸிலிண்டருக்கொரு காயில் வந்துவிட்டது. பழைய வண்டி வைத்திருப்போருக்கு ஒன்று சொல்லுவோம். பெட்டியை மாற்றவேண்டுமென்று மெக்கானிக் சொன்னவுடன் பணத்தை எடுத்துவிடாதீர்கள். கம்பி இணைப்புக்களையும், மூடியில் வெடிப்பு உண்டா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி சூடேறியதும் நின்று, ஆறியபின் கிளம்புகிறதா? சில வண்டிகளில் பெட்டியின் அடியில், சூட்டைக் கடத்துவதற்காகப் பசை தடவியிருப்பார்கள். அது உலர்ந்துபோயிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.