நபிவழிக் குதிரையும் சூதாட்டக் குதிரையும்

 

“நபி (ஸல்) அவர்களே குதிரைப் போட்டி நடத்தியிருக்கும்போது, பந்தயத்தில் பணம் கட்டுவதில் என்ன தவறு?” என்று நம்மவர் சிலரே கேட்கின்றனர். கேள்வியின் முற்பாதி உண்மை. பிற்பாதி ஷைத்தானின் ஊசலாட்டம்.

பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் நபியவர்கள் ஓடச் செய்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டதை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்துள்ளது. குதிரையின் ஆற்றலுக்கு ஏற்ற தூரம், அறப்போருக்கான பயிற்சி. சூதுக்கு அங்கே இடமில்லை.

இன்றைய பந்தயத்தின் அமைப்போ வேறு. ‘ஹேண்டிகேப்’ எனப்படும் பந்தயங்களில் வலிய குதிரைக்குக் கூடுதல் எடையும், எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் விதிக்கின்றனர். எது வெல்லும் என எளிதில் கணிக்க இயலாதிருக்க வேண்டுமாம்! அந்த ஐயமே சூதாடியின் ஆசைக்குத் தீனி. அந்த எடைக் கணக்கில் ஜாக்கியின் உடலும் அடங்கும். ஆகவே, பட்டினி கிடப்பவர் அவரே.

இங்கிலாந்தின் ஃபிரெட் ஆர்ச்சரைப் பாருங்கள். 1857இல் பிறந்தவர். 1874 முதல் 1886 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் அந்நாட்டின் முதல்நிலை ஜாக்கி. 2,748 வெற்றிகள், அவற்றுள் 5 டெர்பி வெற்றிகள். ஆயினும், ஜாக்கிக்கு மிகையான உயரம் அவருக்கு. பட்டினி, பேதி மருந்து, நீராவிக் குளியல் ஆகியவற்றால் உடலை வற்றச் செய்தார். 1886 அக்டோபரில் கேம்பிரிட்ஜ்ஷயர் ஹேண்டிகேப் பந்தயத்திற்காக நாள்கணக்கில் உண்ணாதிருந்தார். ஒரு தலையளவில் தோற்றார். ஈராண்டுகளுக்கு முன் மனைவியை இழந்த துயரம் ஒருபுறம். நலிந்த உடலைப் பற்றிய டைஃபாய்டு காய்ச்சல் மறுபுறம். நவம்பர் 8 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 29.

அவரைப் பற்றிய தீர்ப்பு அல்லாஹ்விடம் உள்ளது. நாம் பழிப்பது, அவரது பட்டினியின் மீது பணம் கட்டிய கூட்டத்தையே. இடைவிடாது நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கே, உடலுக்கும் உரிமை உண்டென்று நபியவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திற்காகவும் வருத்தக் கூடாத உடலைச் சூதுக்காக வருத்தலாமா?

“சென்னைப் பந்தயம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமே 1996இல் இதைத் திறமையின் ஆட்டம் என்றதே!” என்பர். நாட்டின் சட்டம் தண்டிக்காதவை யாவும் ஹலால் ஆகிவிடா. குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை இருக்கலாம். ஒருவர் இழப்பதை மற்றவர் எடுத்துக்கொள்வது சூதுதான். அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் அதை மதுவோடு சேர்த்தே விலக்குகிறது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை குதிரையை விரும்பினால் ஏறக் கற்றுக்கொடுங்கள், அது நபிவழி. கைப்பேசியில் பத்து ரூபாய்தானே கட்டுகிறான் என்று வாளாவிருந்துவிடாதீர்கள். மறுமையில் அந்தப் பத்து ரூபாய்க்கும் கணக்கு உண்டு.

அல்லாஹ் நம் இல்லங்களை ஹராமான சம்பாத்தியத்திலிருந்து காப்பானாக! ஆமீன்.