வாப்பாவுக்கு மட்டும் தனிச் சட்டியா?

 

ஏ-9 வீதியில் பயணித்தவர்கள் ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் இயங்கத் தொடங்கியது அது. உப்பு அல்லாஹ்வின் அருட்கொடை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேதான். ஆனால் அளவு மீறினால் இரத்த அழுத்தத்தை உயர்த்தி, இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வாப்பாவுக்குப் 'பிரஷர்' என்று வைத்தியர் சொன்னதும் பல வீடுகளில் நடப்பதென்ன? அவருக்கு மட்டும் உப்பில்லாக் கறி, தனிக் கோப்பை. பிள்ளைகளோடு ஒரே ஸஹனில் உண்டவர் ஒதுங்கிப் போகிறார். சில நாளில் மறைவாகக் கருவாட்டைத் தேடுகிறார்.

கோதுமை ஒவ்வாத ஒருவருக்காக வீடே பாணை விட வேண்டியதில்லை. அவருடைய உணவில் கோதுமை கலவாமல் பார்த்தால் போதும். உப்பு அப்படியன்று. வளர்ந்தவர் எவரும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாகவே உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுவருக்கு இன்னும் குறைவு. ஆகவே எல்லோருக்கும் சமைக்கும் சட்டியிலேயே குறையுங்கள்.

சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். தேசிக்காயும் மிளகும் சுவை தரும். கருவாடு, அச்சாறு, பப்படம், சூப் கட்டி ஆகியவற்றிலுள்ள உப்பையும் கணக்கில் எடுங்கள். வாங்குவது அயடீன் கலந்த உப்பாகவே இருக்கட்டும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது அவசியம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. வாப்பாவின் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அளவோடு உண்பது மார்க்கம் கற்பித்த பழக்கம். இன்ஷா அல்லாஹ், இன்றிரவே வாப்பாவை ஸஹனுக்கு அழையுங்கள்.