கல்லறை நடுவே ஒரு சுவர்

2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்ட செய்தி படித்துப் பதைத்தோம். குழந்தைகள் நோயுற்ற பிறகே தொட்டிக்குள் பார்க்கப்பட்டது. ஊருக்குச் சென்ற ஆட்சியர் கண்டதோ தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை, கோயிலில் நுழைவு மறுப்பு. அவை அன்றா முளைத்தன? செய்தியாளர் வரும்வரை அவற்றோடு எல்லாரும் இயல்பாகவே வாழ்ந்தனர்.

‘காட்டுமிராண்டித்தனம்’ என்று நம்மவர் கடிந்தனர், நன்று. ஆனால் 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கரின் வீடுகளைத் தாக்கியோர் யார்? அவர்களும் கத்தோலிக்கரே! அன்று காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் மாண்டனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச்சுவர் எழுப்பியோரும் வேற்று மதத்தார் அல்லர். ஒரே திருமுழுக்குத் தண்ணீரில் கழுவப்பட்டோரைப் புதைக்க இரண்டு மண்ணா? அடுத்த பங்குப் பேரவையில் கணக்கு வாசிக்குமுன் இதைக் கேட்போம்.