பிடித்த ஆளைத் தோற்கடித்த ஊர்

2006 நவம்பர் 7ஆம் தேதி. அமெரிக்காவின் மிகச் சின்ன மாநிலமான ரோட் ஐலண்டில் செனட் தேர்தல். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களிடம், உங்கள் செனட்டர் லிங்கன் சேஃபியின் வேலை எப்படி என்று கேட்டார்கள். பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் 'திருப்திதான்' என்றார்கள். எந்த அரசியல்வாதியும் பொறாமைப்படுகிற மதிப்பெண். ராத்திரி ஓட்டு எண்ணி முடித்தால் சேஃபிக்குக் கிடைத்தது 46.5 சதவீதம்தான். எதிர்த்து நின்ற ஷெல்டன் வைட்ஹவுஸுக்கு 53.5. ஆள் அவுட்!

வேலை பிடித்திருக்கிறது, ஆளையும் பிடித்திருக்கிறது, ஆனால் ஓட்டு மட்டும் இல்லை என்றால் என்ன நியாயம் என்று தோன்றலாம். நன்றி கெட்ட ஜனங்கள் என்றுகூடத் தோன்றும். ஆனால் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், ரோட் ஐலண்ட்காரர்கள் அன்று செய்தது சரியான காரியம். அமெரிக்காவில் ஒரு செனட்டர் எதற்காக இருக்கிறார் என்பதை அங்குள்ள பத்திரிகைக்காரர்கள் பலரைவிட அவர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

முதலில் சேஃபி யார் என்று சொல்லியாக வேண்டும். அப்பா ஜான் சேஃபி அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர், நிக்ஸன் காலத்தில் கடற்படைச் செயலாளர், அப்புறம் 1976லிருந்து சாகும்வரை செனட்டர். பெரிய வீட்டுப் பிள்ளை. ஆனால் பிள்ளை செய்தது வேடிக்கை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்துவிட்டு, மொன்டானாவுக்குப் போய் குதிரைக்கு லாடம் அடிக்கக் கற்றுக்கொண்டார். ஏழு வருஷம் பந்தய மைதானங்களில் லாடம் அடித்துப் பிழைத்தார். பிறகு ஊருக்குத் திரும்பி வார்விக் நகர மேயரானார். 1999இல் அப்பா இறந்ததும் அந்த நாற்காலியில் கவர்னர் இவரை உட்கார வைத்தார்.

கட்சி குடியரசுக் கட்சி. மாநிலமோ ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2000இல் ஜனாதிபதி தேர்தலில் அங்கே அல் கோர் 61 சதவீதம் வாங்கினார், புஷ் 32 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதே நாளில் அதே ஜனங்கள் சேஃபிக்கு 57 சதவீதம் கொடுத்தார்கள். அதற்கு அவர் நன்றியோடும் இருந்தார். 2001லும் 2003லும் புஷ் கொண்டுவந்த வரிக் குறைப்புகளை எதிர்த்து ஓட்டுப் போட்டார். 2002 அக்டோபரில் ஈராக் மீது படையெடுக்க அனுமதி கேட்டு வந்த தீர்மானம் 77க்கு 23 என்று நிறைவேறியது. அந்த 23 பேரில் குடியரசுக் கட்சிக்காரர் ஒரே ஒருவர். அது இவர். போருக்கு ஓட்டுப் போட்ட ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 29 பேர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒற்றை ஓட்டின் கனம் தெரியும். ஹிலரி கிளின்டனும் ஜோ பைடனும் அந்த 29இல் அடக்கம். 2006 ஜனவரியில் நீதிபதி அலிட்டோவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்புவதை எதிர்த்த ஒரே குடியரசுக் கட்சிக்காரரும் இவர்தான். 2004இல் தன் கட்சி வேட்பாளர் புஷ்ஷுக்கே ஓட்டுப் போடவில்லை. வாக்குச்சீட்டில் புஷ்ஷின் அப்பா பெயரை எழுதிப் போட்டுவிட்டு வந்தார்! (கட்சிக் கொறடா உத்தரவை மீறினால் பதவி பறிபோகும் என்ற சட்டமெல்லாம் அங்கே கிடையாது.)

இப்படிப்பட்டவரை ஏன் அனுப்பினார்கள்?

செனட்டர் போடுகிற ஓட்டுகளிலேயே முக்கியமான ஓட்டு எந்தத் தீர்மானத்தின் மீதும் போடுவதில்லை. புது செனட் கூடுகிற ஜனவரி மாதத்தில், எந்தக் கட்சி வரிசையில் போய் உட்காருகிறார் என்பதுதான் அந்த ஓட்டு. நூறு பேரில் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துத் தலைவர்தான் எந்த மசோதா சபைக்கு வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்வார். எல்லாக் கமிட்டிகளின் தலைவர் பதவியும் அந்தக் கட்சிக்கே. யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது, எந்தக் கோப்பைக் கேட்டு வாங்குவது எல்லாம் அந்தத் தலைவர் கையில். சமமாக இருந்தால் துணை ஜனாதிபதியின் ஓட்டு தீர்மானிக்கும்.

கம்பெனிச் சட்டம் புரட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு இயக்குநர் போர்டு மீட்டிங் ஒவ்வொன்றிலும் சேர்மனை எதிர்த்துப் பேசுகிறார், எதிர்த்துக் கை தூக்குகிறார், குறிப்பேட்டிலும் அது பதிவாகிறது. ஆனால் சேர்மனைத் தேர்ந்தெடுக்கிற நாளில் மட்டும் தன் ஓட்டை அதே சேர்மனுக்கே போட்டுவிடுகிறார். பங்குதாரர்களுக்கு இவரைப் பிடிக்கும், பேச்சில் நியாயம் இருக்கிறது என்பார்கள். கம்பெனி மட்டும் சேர்மன் இஷ்டப்படியே நடக்கும்.

சேஃபியின் கதையில் இதற்குக் கச்சிதமான உதாரணம் சுற்றுச்சூழல் கமிட்டி. அதில் அவர் உறுப்பினர். சுற்றுச்சூழலில் அவருடைய அக்கறையை யாரும் சந்தேகிக்க முடியாது. அப்பா ஜான் சேஃபி தலைமை வகித்த கமிட்டியும் அதுவே. ஆனால் 2003லிருந்து அதன் தலைவர் ஓக்லஹோமாவின் ஜேம்ஸ் இன்ஹோஃப். பூமி சூடாவதே ஒரு மோசடி என்று செனட்டில் நின்று பேசியவர். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்த பெரும்பான்மையில் லிங்கன் சேஃபியும் ஒருவர். மகன் எத்தனை முறை எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் அப்பாவின் நாற்காலியில் இருந்தவர் இன்ஹோஃப்தான்.

இதைச் சேஃபியின் சொந்தக் கட்சி நன்றாகவே தெரிந்து வைத்திருந்தது. 2006 செப்டம்பரில் நடந்த கட்சிக்குள்ளான முதற்கட்டத் தேர்தலில் கிரான்ஸ்டன் மேயர் ஸ்டீவன் லாஃபி சேஃபியை எதிர்த்து நின்றார். லாஃபி அசல் வலதுசாரி, வரிக் குறைப்பின் பக்தர், புஷ்ஷின் கொள்கைக்கு சேஃபியைவிட நூறு மடங்கு நெருக்கம். ஆனால் வாஷிங்டனில் இருந்த கட்சித் தலைமை யார் பின்னால் நின்றது? தங்கள் ஜனாதிபதிக்கே ஓட்டுப் போடாத சேஃபியின் பின்னால்! பணத்தைக் கொட்டி, ஆட்களை இறக்கி, 54க்கு 46 என்று அவரைக் கரை சேர்த்தார்கள். காரணம் ஒன்றுதான். நவம்பரில் அந்த மாநிலத்தில் லாஃபி ஜெயிக்க வாய்ப்பே இல்லை, சேஃபிக்கு இருந்தது. அவர் ஈராக்குக்கு எதிராகப் போட்ட ஓட்டு, அலிட்டோவுக்கு எதிராகப் போட்ட ஓட்டு எதையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஜனவரி மாத ஓட்டு ஒன்று போதும்.

கட்சித் தலைமை போட்ட அதே கணக்கை ஜனங்களும் போட்டால் மட்டும் ஏன் நன்றிகெட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள்?

ரோட் ஐலண்ட்காரர்கள் குடியரசுக் கட்சி என்ற பெயரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு குத்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அதே நாளில், அதே வாக்குச்சாவடியில், குடியரசுக் கட்சி கவர்னர் டான் கார்சியேரியை 51க்கு 49 என்று மயிரிழையில் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். இத்தனைக்கும் கார்சியேரி சேஃபி மாதிரி மிதவாதி இல்லை, நல்ல பழமைவாதி. கவர்னர் வேலை உள்ளூர் வேலை, அவர் ஜெயித்தால் வாஷிங்டனில் யாருக்கும் பெரும்பான்மை போகப் போவதில்லை. செனட்டர் விஷயம் அப்படியில்லை. ஒரே நாளில் பழமைவாதியை வைத்துக்கொண்டு மிதவாதியை அனுப்பிய ஜனங்களுக்கு விவரம் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வைட்ஹவுஸும் சேஃபியை மோசமானவர் என்று காட்டி ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை. செனட் யார் கையில் என்பதே அவருக்குப் போதுமான பிரசாரம். (வெள்ளை மாளிகையை எதிர்த்து ஓட்டுக் கேட்டவரின் பெயரே வைட்ஹவுஸ். அந்த ஊர் ஜோக் எழுத்தாளர்களுக்கு அந்த வருஷம் நல்ல அறுவடை.)

முடிவில் என்ன ஆயிற்று? வர்ஜீனியாவில் 9 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டிலும், மொன்டானாவில் 3500 சொச்சம் ஓட்டிலும் குடியரசுக் கட்சி தோற்றது. செனட் 51க்கு 49 என்று கைமாறியது. சேஃபி மட்டும் ஜெயித்திருந்தால் 50க்கு 50. துணை ஜனாதிபதி டிக் செனி தன் ஓட்டைப் போட்டு சபையைக் கட்சிக்கே காப்பாற்றியிருப்பார். அதாவது ஈராக் போரை எதிர்த்த ஒரே குடியரசுக் கட்சிக்காரரின் வெற்றி, அந்தப் போரை நடத்தியவர்களிடமே செனட்டைக் கொடுத்திருக்கும். சமநிலை வந்திருந்தால் அவர் கட்சி மாறியிருப்பார் என்று சிலர் வாதிடலாம். 2001லும் செனட் 50க்கு 50 என்றுதான் இருந்தது. வெர்மாண்டின் ஜிம் ஜெஃபோர்ட்ஸ் கட்சியை விட்டு வெளியேறி சபையையே கவிழ்த்தார். சேஃபி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அது கோழைத்தனம் இல்லை. அப்பாவின் கட்சி, உள்ளேயிருந்து திருத்தலாம் என்ற நம்பிக்கை. ஆனால் ஒருவருடைய நம்பிக்கைக்காக ஒரு மாநிலமே ஆறு வருஷம் காத்திருக்க வேண்டுமா?

2007 ஜனவரியில் இன்ஹோஃப் இறங்கி, கலிஃபோர்னியாவின் பார்பரா பாக்ஸர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஏப்ரலில், ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்பப் பெற கால அட்டவணை போட்ட மசோதா செனட்டில் 51க்கு 46 என்று நிறைவேறியது. புஷ் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்திக் குப்பையில் போட்டார். போர் நிற்கவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய சபையாக இருந்திருந்தால் அந்த மசோதா மேசைக்கே வந்திருக்காது. 1997லிருந்து மணிக்கு 5.15 டாலரிலேயே கிடந்த குறைந்தபட்சக் கூலியை 7.25க்குப் படிப்படியாக உயர்த்தும் சட்டமும் 2007 மே மாதம் வந்தது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று இருக்கிறது. அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. எதிர்க்கட்சியின் கோட்டையில் ஜெயிக்கிற ஆட்கள்தான் தன் கட்சியைக் கொஞ்சமாவது நடுவே இழுத்து வைப்பவர்கள். அவர்களையே வரிசையாக அனுப்பிவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் யார்? நடந்ததும் அதுதான். 2008இல் ஓரிகனில் கோர்டன் ஸ்மித் தோற்றார். 2009இல் பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் கட்சி மாறினார். 2016இல் செனட் தேர்தல் நடந்த எல்லா மாநிலங்களிலும் ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்த கட்சியே செனட்டிலும் ஜெயித்தது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. மறுபக்கத்திலும் இதே கதை. சேஃபி தோற்ற அதே 2006இல் மொன்டானாவில் ஜெயித்த விவசாயி ஜான் டெஸ்டர், மூன்று முறை தாக்குப் பிடித்துவிட்டு 2024இல் தோற்றார்.

2020இல் தப்பித்தவர் ஒருவர் உண்டு, மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ். அங்கே பைடன் சுமார் 9 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில் குடியரசுக் கட்சியின் காலின்ஸும் ஏறக்குறைய அதே வித்தியாசத்தில் ஜெயித்தார். மெய்ன்காரர்கள் ஏமாளிகள் இல்லை. செனட்டில் பெரிய சட்டங்களுக்கு 60 ஓட்டு வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து பத்துப் பேரைக் கூட்டி வர ஒரு ஆள் வேண்டும். 2022இல் ஜனாதிபதி தேர்தல் ஓட்டுகளை எண்ணும் முறையைத் திருத்திய சட்டத்தில் காலின்ஸ் அந்த வேலையைச் செய்தார், நன்றாகவே செய்தார். ஆனால் பைடன் கொண்டுவந்த 2021 கொரோனா நிவாரணச் சட்டத்தையும் 2022 பருவநிலைச் சட்டத்தையும் அவர் எதிர்த்தார். இரண்டும் ஒற்றை ஓட்டு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தவை. பைடனை அனுப்பிய அதே மாநிலம் அவர் காலைப் பிடித்து இழுக்கவும் ஒருவரை அனுப்பியது. கொஞ்சம் விலை உயர்ந்த நட்பு.

மறுபடி சேஃபிக்கு. தோற்ற இரண்டாம் நாள் நிருபர்களைச் சந்தித்தார். உங்கள் தோல்வியால் செனட் கைமாறியிருக்கிறதே, இது நாட்டுக்கு நல்லதா என்று ஒருவர் கேட்டார். உண்மையைச் சொன்னால், ஆமாம் என்றார். அடுத்த வருஷமே குடியரசுக் கட்சியை விட்டு வெளியேறினார். 2008 பிப்ரவரியில் ஒபாமாவை ஆதரித்தார். 2010இல் எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாகக் கவர்னர் பதவிக்கு நின்றார். பலமுனைப் போட்டியில் 36 சதவீதம் வாங்கி, இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களையும் தாண்டி, அதே ரோட் ஐலண்ட் ஜனங்கள் அவரைக் கவர்னர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.